நாற்பத்துமூன்றாம் தீர்ப்பின் தேதி

பங்குனி மாதம், மூன்றாம் ஞாயிறு, பிற்பகல் மூன்றேகால் மணி. முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்குரிய பதில் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். காபியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். பேசத் தொடங்கினால் நடுவில் நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

மதுரையிலிருந்து பாளையங்கோட்டை வரை வந்து, எங்கள் தீர்ப்பேட்டின் நகலை விரித்து வைத்து, நாற்பத்துமூன்றாம் தீர்ப்பின் தேதி நாற்பத்திரண்டாம் தீர்ப்பின் தேதிக்கு இரண்டு வாரம் முந்தியதாக இருக்கிறதே, எழுத்துப் பிழையா என்று கேட்கிறீர்கள். எழுத்துப் பிழை இல்லை. எங்கள் மன்றத்தில் பதினோரு பேரிடம் அந்த நகல் இருக்கிறது. ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. உங்களுக்குக் கூர்மையான கண். உங்கள் மன்றமும் இனி என் தீர்ப்புகளையே பின்பற்றும் என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

நில அளவைத் துறையில் நான் முப்பத்துமூன்று ஆண்டு இருந்தேன். மன்றத்தில் பிரமநாயகி என்று யாரும் அழைப்பதில்லை, சர்வேயரம்மா என்பார்கள். ஓய்வு பெற்ற பின் ஒரு டியூஷன் நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், துறைத் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பாடம் நடத்தினேன். மாடியில் ஒரே கூச்சல். ஒன்பது அங்குலம் என்கிறார் ஒருவர், பத்து என்கிறார் மற்றவர், பேரன் பேத்தி எடுத்த வயதில். மூன்று ஞாயிறு பொறுத்தேன். நான்காம் ஞாயிறு மாடியேறி, தூரத்தைத் தொண்டையால் அளக்க முடியாது என்று சொல்லி, என் எஃகு நாடாவைக் கொடுத்தேன். கொடுத்ததற்கு ரசீதும் எழுதி வாங்கிக்கொண்டேன். எதற்கும் ரசீது வாங்கிவிடுவது என் வழக்கம்.

அங்கே இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ஒரே கறுப்புத் துணியை விரித்திருந்தார்கள். துணி மேசைகளைவிட நீளம்; அதன் இரு முனைகளையும் மேசை விளிம்புகளில் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். அதனால் மேசைகள் சேரும் இடத்தில் ஆற்றுத்தடம் போல ஒரு மடிப்பு எப்போதும் இருக்கும். துணியில் தெறித்த வெள்ளைப் புள்ளிகள் விண்மீன்கள். அதன்மேல் சைக்கிள் கம்பித் துண்டுகளில் நின்றன விண்கலங்கள், கட்டைவிரல் அளவு. அவர்கள் அதைக் கப்பல் ஆட்டம் என்பார்கள். பேனா மூடியிலும் மருந்துப் புட்டியிலும் அவர்களே செய்த கப்பல்கள். விதிப்புத்தகம் மட்டும் வெளிநாட்டில் எழுதியது. வாங்கிப் படித்தேன். அவ்வளவு ஓட்டையோடு ஒரு நிலப் பத்திரம் எழுதியிருந்தால் எங்கள் அலுவலகத்தில் எழுதியவர் தலையில்தான் கட்டியிருப்போம். விளிம்பைத் தாண்டிய கப்பல் தொலைந்தது என்கிறது. முழுதாகத் தாண்ட வேண்டுமா, மூக்கு தாண்டினால் போதுமா என்று சொல்லவில்லை.

நான் வரும் முன் இவர்கள் ஐயத்தை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? பகடை. ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் உம் பக்கம். நான்கு, ஐந்து, ஆறு விழுந்தால் என் பக்கம். ஆட்டம் தொடரட்டும், பிறகு பேசிக்கொள்வோம். உலகம் முழுவதும் அப்படித்தானாம். நான் அனுமதிக்கவில்லை. முதலில் விதியின் வாசகம். அது பேசாவிட்டால் புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டு. அதுவும் பேசாவிட்டால் என் முந்தைய தீர்ப்பு. எதுவுமே இல்லாவிட்டால் புதிய தீர்ப்பு, தேதியோடு, கையெழுத்தோடு. நான்கு ஆண்டுகளில் நாற்பத்தொன்று எழுதினேன். ஒன்றைக்கூட அடித்துத் திருத்தியதில்லை.

அந்த ஆண்டு முடிவாட்டம் ஜெபசிங்குக்கும் ஷமீமாவுக்கும். ஜெபசிங் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். ஒரு நிமிடம் பிந்திய ஓட்டுநரை ஒன்பது நிமிடம் நிறுத்தி வைத்துத் திட்டக்கூடியவர். ஷமீமா மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். அவள் ஆடுவது தன் தகப்பனார் மசூதின் படையை வைத்து. மசூது மேலப்பாளையத்தில் பல் செட் செய்து கொடுத்தவர். கை நடுக்கம் வந்த பின் தொழிலையும் விட்டார், ஆட்டத்தையும் விட்டார். மகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் படையின் தலைமைக் கப்பலுக்குச் செம்பவளம் என்று பெயர். பல் செட்டுக்கு ஈறு செய்யும் அதே இளஞ்சிவப்புப் பொருளில் இரண்டு ஆண்டு இழைத்து இழைத்துச் செய்தது. சன்னல்கள் எல்லாம் பல். மன்றத்தில் அதை யாரும் செம்பவளம் என்பதில்லை. ஈறு என்பார்கள்.

இப்போது வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முடிவாட்டத்தில் வென்றவர், தோற்றவரின் படையிலிருந்து தமக்குப் பிடித்த கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மாடி வாடகையைத் தோற்றவர் தர வேண்டும். இது நான் வகுத்தது அல்ல, எனக்கு முன்பே இருந்தது. தை மாதத்திலேயே ஜெபசிங் சொல்லிவிட்டார்.

"வே மசூது, ஈறு எனக்குத்தான். ராத்திரி டம்ளர்ல தண்ணி ஊத்தி அதுக்குள்ள போட்டு வச்சிருவேன்."

"உமக்குப் பல்லு போனதும் எங்கிட்டத்தானே வே வரணும். அப்ப பாத்துக்கிடுதேன்," என்றார் மசூது.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இன்னொரு செம்பவளத்தை மசூதின் கை இனிச் செய்யாது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் களத்தில் இறக்காமலும் இருக்க முடியாது. தலைமைக் கப்பல் இல்லாமல் முடிவாட்டம் ஆட விதி இடம் தரவில்லை.

தை மாதத்தில் வேறு ஒரு பேச்சும் என் காதுக்கு வந்தது. ஆட்டம் முடிந்ததும் ஷமீமா என்னைத் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வீட்டில் விடுவாள். அதை வைத்து, சர்வேயரம்மா ஸ்கூட்டர் பக்கம்தான் சாய்வாங்க என்று யாரோ சொன்னார்களாம். யார் என்று நான் விசாரிக்கவில்லை. நான் எந்தப் பக்கமும் சாய்பவள் அல்ல. அதைப் பங்குனியில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

அன்று மூன்றேகால் மணி. கடைசிச் சுற்று. மின்விசிறியை நிறுத்தியிருந்தோம், காற்றில் கப்பல்கள் சாயும் என்பதால். பங்குனி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே, என்னைத் தவிரப் பதிமூன்று பேர். சட்டைகள் முதுகில் ஒட்டிக்கொண்டன. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஜெபசிங்கின் தலைமைக் கப்பல் அவர் பக்கத்து மேசையில். செம்பவளம் ஷமீமாவின் பக்கத்து மேசையில். இரண்டுக்கும் ஒரே ஓர் உயிர் மிச்சம். புள்ளிக் கணக்கில் ஜெபசிங் முன்னால் நின்றார். ஷமீமா வெல்ல வேண்டுமானால் அந்தச் சுற்றில் அவர் கப்பலை வீழ்த்தியாக வேண்டும்.

சுடும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்கூட்டி அளக்கக் கூடாது. சுடுகிறேன் என்று அறிவித்த பிறகுதான் நாடா. பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் பகடை உருட்டலாம். தாண்டினால் அந்தச் சுடுதல் வீண்.

முதலில் ஜெபசிங் அறிவித்தார். அவரே அளந்தார், நான் குனிந்து சரி பார்த்தேன். பதினொன்றே முக்கால். அவர் உருட்டிய பகடைகளில் ஒன்று துள்ளிக் கீழே விழுந்து மேசைகளுக்கு அடியில் ஓடிவிட்டது. விழுந்த பகடையை ஆட்டக்காரர் தொடக் கூடாது, நடுவர்தான் எடுத்துத் தர வேண்டும். இது என் மூன்றாம் தீர்ப்பு. ஆகவே நான் மண்டியிட்டு, உள்ளே நுழைந்து எடுத்தேன். எழுபத்தொரு வயதில் மண்டியிடுவது எளிது, எழுவதுதான் பாடு. ஜெபசிங் கை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. ஆட்டம் நடக்கையில் நடுவர் ஓர் ஆட்டக்காரரின் கையைப் பிடிப்பது முறையாகாது. மேசைகள் சேரும் இடத்தில் வெளியே வந்து, அவர் பக்கத்து மேசையின் மூலையில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு தள்ளு தள்ளி எழுந்து நின்றேன். அப்போது தெருவில் ஏதோ ஒரு வண்டி கிறீச்சென்று நின்றது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எந்த நிமிடத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பது எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது என்பதற்காக.

ஜெபசிங் மறுபடி உருட்டினார். படவில்லை. செம்பவளம் தப்பியது.

இப்போது ஷமீமாவின் முறை. எதிரே அதே கப்பல். மூன்று பகடை உருட்டலாம், ஒன்று பட்டால் போதும். அவள் அறிவித்தாள். அளவு தெரிந்ததுதானே என்று பகடைகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான், பொறு அம்மா, அளக்க வேண்டும் என்றேன். பேச்சு எழுந்திருந்ததால் நானே அளந்தேன். துணியில் இருந்த மடிப்புக்கூட அப்போது இல்லை. துணி இழுத்து விரித்தாற்போலச் சமமாக இருந்தது, அளக்க வசதியாக. கப்பலின் கம்பி நிற்கும் அடித்தட்டின் விளிம்பிலிருந்து மற்ற அடித்தட்டின் விளிம்பு வரை நாடாவைப் பிடித்தேன்.

பன்னிரண்டே கால்.

மறுபடி அளந்தேன். பன்னிரண்டே கால்தான்.

கப்பலை யார் தொட்டது என்று கேட்டேன். யாரும் தொடவில்லை. ஜெபசிங் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஷமீமாவின் கையில் பகடைகள். எந்தக் கப்பலும் நகரவில்லை என்று பதினோரு பேரும் சொன்னார்கள். அப்படியானால் முதல் அளவு தவறு என்றேன், நாடா தொய்ந்திருக்கும். அப்போது ஜெபசிங்கே மெல்லச் சொன்னார், நாடா தொய்ந்தால் தூரம் கூடத்தான் காட்டும், குறையாது என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று. உண்மைதான், சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பலவும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சங்கிலி பிடிக்கும் முன் எல்லைக்கல் நகர்ந்திருக்கிறதா என்று பார் என்று ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பாடமாகச் சொல்வேன். அங்கே கல் நகரவில்லை. எல்லோரும் சாட்சி.

மசூது நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். நடுங்கும் கையை முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மா, கப்பல் நகரல. வானந்தான் நகர்ந்திருக்கு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கும் அந்த நகைச்சுவை பிடித்தது. தோற்கும் நேரத்திலும் வேடிக்கையாகப் பேசுகிற மனம் எல்லோருக்கும் வராது. ஆனால் நடுவர் சிரிக்கக் கூடாது. நான் புத்தகத்தைத் திறந்தேன். ஒரே சுற்றில், நகராத இரு கப்பல்களுக்கு நடுவே இரண்டு முறை அளந்து இரண்டு அளவு வந்தால் எது செல்லும்? வாசகம் பேசவில்லை. எடுத்துக்காட்டு இல்லை. என் முந்தைய நாற்பத்தொன்றிலும் இல்லை.

ஜெபசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஈறு வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர்.

"அம்மா, எனக்கே இது ஒரு மாதிரியா இருக்கு. பழைய மாதிரி டைஸ் போட்ருவோம். ஒண்ணு, ரெண்டு, மூணு விழுந்தா பிள்ள சுடட்டும்."

ஷமீமா தலையசைத்தாள். மற்றவர்களும் அதுவே சரி என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்கூட்டரைப் பற்றிப் பேசியவரும் அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர். நான் விட்டுக்கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? தீர்ப்பை உருட்ட முடியாது என்றேன். தீர்ப்பேட்டை எடுத்து நாற்பத்திரண்டை எழுதினேன்: ஒவ்வொரு சுடுதலுக்கும் தனித்தனியே அளக்க வேண்டும், ஒரு சுடுதலின் அளவு இன்னொன்றைக் கட்டாது. வாசித்தேன். தேதி இட்டேன். ஷமீமா பகடைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள்.

ஜெபசிங் வென்றார். கைதட்டல் இல்லை. அவர் ஷமீமாவின் படைமுன் நின்று, ஓரத்தில் இருந்த ஒரு சின்ன வேவுக்கப்பலைத் தொட்டார். மசூது விடவில்லை.

"பேசினது பேசினதுதான் வே. எடும் அத."

ஜெபசிங் எடுக்காததால் மசூதே செம்பவளத்தை எடுத்துத் தன் கைக்குட்டையில் சுற்றி, பிஸ்கட் டப்பா ஒன்றில் வைத்துக் கொடுத்தார். அவர் கை நடுங்கியதில் கம்பி டப்பாவின் ஓரத்தில் டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. டம்ளரைப் பற்றி ஜெபசிங் ஒன்றும் சொல்லவில்லை.

துணியை மடிக்கும்போது இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. துணியை இழுத்ததில் விலகியிருக்கும் என்றேன். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவர்கள், அதற்கு மட்டும் ஒருவரும் மறுப்பு சொல்லவில்லை. மறுப்பு இல்லையென்றால் ஒப்புதல் என்றுதான் பொருள்.

அன்றும் ஷமீமாதான் என்னை வீட்டில் விட்டாள். மசூதை வேறு யாரோ அழைத்துப் போனார்கள். வழக்கமாக வழியெல்லாம் மருந்துக்கடைக் கதை சொல்வாள். அன்று ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை; தீர்ப்புக்குச் சமாதானம் சொல்வது நடுவரின் வேலை அல்ல. வாசலில் நான் இறங்கியதும் வண்டியை அணைக்காமலே கேட்டாள், "அம்மா, முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

நல்ல பெண். தோற்ற நாளிலும் என் உடல்நலத்தை விசாரிக்கத் தோன்றியது பாருங்கள். வலி இல்லை என்றேன். அன்று இரவெல்லாம் வலி இருந்தது.

அடுத்த மூன்று ஞாயிறுகளும் நான் மாடியேறவில்லை. முழங்கால்தான் காரணம். சித்திரை இரண்டாம் வாரம், காலை பத்து மணிக்கு, ஜெபசிங் இங்கே வந்தார். நீங்கள் இருக்கிற அதே நாற்காலி. பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை மேலப்பாளையத்துக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துப் பார்த்தாராம், மசூது வாங்கவில்லையாம்.

"தோத்தது தோத்ததுதான், பிச்சை வேண்டாங்காரு. ஆட்டமே செல்லாதுன்னு ஏட்டுல இருந்தாத்தான் வாங்குவாராம். நீங்க ஒரு வரி எழுதணும்மா."

நாற்பத்திரண்டு சரியான தீர்ப்பு என்றேன். அவர் மறுக்கவில்லை. சரிதான் என்றார். பிறகு டப்பாவைத் திறந்து காட்டினார். வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்தாராம். பார்க்கும்போதெல்லாம் அது பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரி இருக்கிறதாம், எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம்.

"ஒங்களத் தப்பு சொல்ல வரலம்மா. மேச மேலதான் தப்பு," என்றார்.

அந்த வாசகத்தை நான் சற்று நேரம் யோசித்தேன். அதில் ஆட்சேபிக்க ஒன்றும் இல்லை. மேசை எப்படி விலகியது, எப்போது விலகியது என்பதெல்லாம் நடுவர் ஆராய வேண்டியவை அல்ல. விலகியிருந்தால் அளவு செல்லுமா என்பதுதான் விதிக்குரிய கேள்வி. அதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. ஆக, ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது. தீர்ப்பேட்டை எடுத்து நாற்பத்துமூன்றை எழுதினேன்: கடைசிச் சுற்றில் அளக்கும் முன் மேசைகள் சேர்ந்திருக்கின்றனவா என்று நடுவர் துணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், பாராமல் அளந்த முடிவாட்டம் செல்லாது.

ஜெபசிங் படித்தார். விரலை வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு, இது எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்றைய தேதியை இட்டால், பங்குனியில் நடந்த ஆட்டத்தை அது தொடாது. டப்பா அவர் மடியிலேயே இருக்கும். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். முப்பத்துமூன்று ஆண்டில் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டிருப்பார்கள், ஒரு தாளில் ஒரு தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளச் சொல்லி! ஒருவருக்கும் இட்டதில்லை. அவரும் கேட்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். டப்பாவின் மூடியை மூடினார், அவ்வளவுதான்.

பங்குனி முதல் ஞாயிறு என்று எழுதினேன். அப்படி ஒரு விதி வேண்டும் என்பது என் மனத்தில் நெடுநாளாக இருந்தது, எழுதத்தான் நேரமில்லை. மனத்தில் இருந்த நாளைத்தான் எழுதினேன். நாற்பத்திரண்டை அடிக்கவில்லை. அது இன்றும் செல்லும்.

மசூது வாங்கிக்கொண்டாராம். ஏட்டின் நகலைக் கேட்டு, தேதியைப் பார்த்து, அம்மாவுக்கு என் சலாத்தைச் சொல்லும் என்றாராம். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த முடிவாட்டத்தை மறுபடி ஆடவும் இல்லை. அந்த ஆண்டுக்கு வென்றவர் பெயர் ஏட்டில் இல்லை. உங்கள் மதுரை ஆட்டத்துக்கு நான் வருகிறேன். உங்கள் மேசை ஒரே மேசையா, இரண்டா என்பதை மட்டும் முன்பே எழுதித் தெரிவியுங்கள்.

மற்றக் கணக்கு இவ்வளவுதான். மாடி வாடகை முந்நூறு ரூபாய், தோற்றவள் என்ற முறையில் ஷமீமா பங்குனியிலேயே கொடுத்திருந்தாள். ஆட்டம் செல்லாது என்றானதால் பாதியை ஜெபசிங் சித்திரை கடைசி ஞாயிறு அவளிடம் திருப்பிக் கொடுத்தார். மேசைகளை அடியில் சேர்த்து முடுக்க இரும்புப் பட்டை நான்கு, திருகாணி பதினாறு, ஆசாரி கூலி, எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது. வைகாசி முதல் சனி காலையில் கொடுத்தது நான். திரும்பும் வழியில் கடையில் ஓர் ஊன்றுகோல், இருநூற்றெண்பது, அதுவும் நான். இரண்டுக்கும் ரசீது கேட்கவில்லை.